நாலு பெயர்க்காரி

என் கையெழுத்தைப் பற்றி நானே புகழ்ந்துகொள்ளக் கூடாது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அச்சுப் போல இருக்கும். யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் விரல் கணுவில் அடி வாங்கிப் படிந்த எழுத்து. அந்த அழகான எழுத்தில்தான் 1926ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, ராக்காயி என்ற கிழவியின் நோயாளித் தாளில், "தன் பெயரையே அறியாள்" என்று எழுதி, அடியில் கார்த்திகேசு, டிரசர் என்று கையொப்பமும் போட்டேன்.

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முக்கால் டாக்டர். ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் தாண்டி உள்ளே போகும் செம்மண் ரோட்டின் கடைசியில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை மோட்டாரில் வந்து, கையைக் கழுவி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் பன்னிரண்டு கட்டிலுக்கும் அறுநூறு சனங்களுக்கும் நான் ஒருவன்தான். டிரசருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேசிக்கொள்வார்கள். வரத்தான் செய்யும். தினமும் பெரட்டில் இருநூறு வாய்க்குக் கொய்னா ஊற்றிப் பார்த்தால் அவர்களுக்கும் தெரியும்.

கொய்னா மலேரியாவுக்கான கசப்பு மருந்து. தினமும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு கரண்டி என் கையால் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு. ஒரு கையில் பதிவுப் புத்தகம், ஒரு கையில் கரண்டி. "பேர்?" என்பேன். சொல்வார்கள். "வாயைத் திற" என்பேன். திறப்பார்கள். ஊற்றுவேன், புத்தகத்தில் கோடு போடுவேன், "அடுத்தது" என்பேன். அரிக்கேன் வெளிச்சத்தில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேறு எந்த டிரசருக்கும் அந்த வேகம் வராது என்பது என் பெருமை. துப்பிவிடாமல் விழுங்குகிறார்களா என்று நாக்கின் அடிவரை பார்ப்பேன். அதிலும் எனக்குப் பெருமைதான்.

ராக்காயியை வெள்ளிக்கிழமை காலை இரண்டு ஆட்கள் கோணிச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அறுபத்தைந்து வயது இருக்கும். பால் வெட்டும் வயது போய், புல் வெட்டும் கூட்டத்தில் இருந்தாள். உறவு என்று சொல்ல யாருமில்லை. பெரட்டு முடிந்து வேலை நடக்கும் மலைக்குப் போகும் வழியில் தலை கிறுகிறுத்து விழுந்தாளாம். வாந்தி எடுத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் கொஞ்சம் தாமதித்துத்தான் கண் வந்தது. உடம்பு லேசாகச் சுட்டது.

கூடவே தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு துண்டுக் காகிதம். "சில வாரங்களாக இவளுக்குப் புத்தி சரியில்லை. தள்ளாடுகிறாள். கங்காணி சொல்வது தலையில் ஏறுவதில்லை. பரிசோதித்து எழுதவும். வியாழக்கிழமை டாக்டர் ஒப்பமிட்டால் அன்றைக்கே தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடலாம்."

தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தது பெரிய மனநோய் ஆஸ்பத்திரி. சித்தம் கலங்கியவர்களுக்கு அது வேண்டிய இடம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சித்தம் கலங்காத ஒருத்தியை, கேட்க நாதியில்லாத ஒருத்தியை, அங்கே ஏற்றிவிட்டால் பிறகு திருப்பிக் கூட்டிவர யார் போவார்கள்? அன்றைக்கு இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. செல்லாயிதான் கேட்டாள்.

செல்லாயி எங்கள் ஆஸ்பத்திரி ஆயா. நாற்பது வயது, கறுத்த உறுதியான உடம்பு, எழுத்து வாசனை கிடையாது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் மூத்திரம் அள்ளுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள் வேலை. அவள் பார்த்துக்கொண்ட நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்து நான் கண்டதில்லை. அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதும் இல்லை.

சனிக்கிழமை காலை பரிசோதனை. பதிவுப் புத்தகத்தை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலின் முன்னால் நின்றேன். செவிட்டுக் காதுக்குக் கேட்கட்டும் என்று கத்தினேன்.

"உன்ரை பேர் என்ன?"

கிழவி என்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து நிற்கப் பார்த்தாள், செல்லாயி தாங்கிக்கொண்டாள்.

"ராக்காயி" என்றாள். சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்தாள்.

"வாயை மூடு. என்ன கிழமை இண்டைக்கு?"

வாயை மூடிக்கொண்டு, கட்டிலோரமாக இரண்டடி நகர்ந்து, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி என் முன்னால் வந்து நின்றாள்.

"உன்ரை பேரைச் சொல்லு பாப்பம்."

"காளியம்மா." மறுபடியும் வாயைத் திறந்தாள்.

எனக்குச் சுவாரசியம் பிறந்துவிட்டது. மூன்றாம் முறை கேட்டேன். "நவமணி" என்றாள். நான்காம் முறை, "இருளாயி." ஒவ்வொரு முறையும் நகர்ந்து, முக்காட்டைச் சரி செய்து, திரும்பி வந்து, வாயைத் திறந்தாள். ஐந்தாம் முறை கேட்டபோது ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எழுதினேன். "செவிடு. பார்வை மங்கல். தள்ளாட்டம். கேட்கும்போதெல்லாம் வெவ்வேறு பெயர் சொல்கிறாள். காரணமின்றி வாயைத் திறந்து மூடுகிறாள். தன் பெயரையே அறியாள். முதுமையால் வந்த சித்தக் கலக்கம்." காய்ச்சல் இருந்ததால் தினம் மூன்று வேளை கொய்னாவும் எழுதினேன். தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மலேரியா, மலேரியா என்றால் கொய்னா, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"ஐயா, இது பைத்தியமில்லலா" என்றாள் செல்லாயி.

"நீ எப்ப டாக்டருக்குப் படிச்சனீ?"

"படிக்கல. நேத்துலேருந்து நா பாக்கிறேன். வெளிக்கு வருதுன்னா கையத் தட்டிக் கூப்புடுது. குளிப்பாட்டுறப்ப மாராப்ப இறுக்கிப் பிடிச்சுக்குது. சோறு குடுத்தா வலது கைய நீட்டுது. புத்தி கலங்குனவ இதெல்லாம் செய்வாளா?"

"வேலையைப் பார்."

"வெசாழக்கெழம அனுப்பிருவீங்களா?"

"டாக்டர் ஒப்பம் வைச்சால் அனுப்பத்தான் வேணும்."

"அங்கேருந்து யாரு போயி இத மறுபடி கூட்டியாருவா?"

எனக்கு வந்த எரிச்சலில் கதவைச் சாத்திக்கொண்டு மருந்தறைக்குள் போய்விட்டேன். பதில் இல்லாத கேள்விக்கு நான் அப்படித்தான் பதில் சொல்வேன்.

புதன்கிழமை மத்தியானம் வரை நான் அந்தக் கட்டில் பக்கம் சரியாகப் போகவில்லை. லயத்தில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு, ஒருவனுக்குக் கத்தி வெட்டு. போதாததற்கு வீட்டில் என் மனைவி அன்னபாக்கியம் ஆறு மாதக் கர்ப்பம். மறுநாள் டாக்டர் வருகிறாரே, வார்டு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனவன் திடுக்கிட்டு நின்றேன். கிழவியின் கட்டிலுக்கு அருகிலிருந்த மரத்தூண் முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளிகள். வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டுத் தொட்டு வரிசையாக வைத்திருந்தாள். கீழே அடுப்புக் கரியால் கோடுகள் வேறு.

"செல்லாயி! என்ன இது, கோயில் சுவரோ? துடை உடனே!"

அவள் துடைக்கவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு தூணுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

"தொடைக்கிறேன்யா. முந்தி ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க."

"என்னத்தைப் பாக்க?"

"கெழவிக்குப் பின்னால நின்னு தகரக் கோப்பைய பத்து தரம் தட்டுவேன். எத்தன தரம் திரும்பிப் பாக்குதோ அத்தன புள்ளி. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அந்தியில ஒண்ணு. கீழ கரிக்கோடு, கட்டில்லேருந்து கதவு வரைக்கும் பிடிக்காம எத்தன எட்டு வைக்குதுன்னு."

ஒரு ஆயா, எழுதத் தெரியாதவள், தூணில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். என் தாளில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அவள் தூணில் ஐந்து நாள் இருந்தது.

"இந்தா பாருங்க. சனிக்கெழம விடிய நாலு புள்ளி. நீங்க எழுதுன மருந்து குடுத்த பொறவு ரெண்டு. அந்தியில மருந்துக்கு முந்தி மூணு. ஞாயித்துக்கெழமையும் அதே மாதிரி. மருந்து உள்ள போனா காது அடைக்குது, மருந்து எறங்குனா காது தொறக்குது. இங்க பாருங்க, ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல ஏறிக்கிட்டே போவுது. நாலு, அஞ்சு, ஆறு. இன்னிக்குக் காலையில ஒம்பது. ஆறு எட்டு நடந்துச்சு, பிடிக்காம."

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது?"

அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

"கொய்னாவ நிறுத்திட்டேன்யா. கானுல ஊத்திட்டேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆஸ்பத்திரியில் டிரசர் எழுதிய மருந்தை ஆயா சாக்கடையில் ஊற்றுவதாவது! இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை, மூட்டையைக் கட்டு என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"கட்டுறேன்யா. நாளைக்கு டாக்டரு வந்து போன பொறவு கட்டுறேன். அதுவரைக்கும் நா இந்தத் தூண விட்டுப் போவ மாட்டேன்."

"விசரி! கொய்னா கூடினால் காது இரையும், கண் மங்கும், தலை சுத்தும், அது எனக்குத் தெரியாதோ? ஆனால் இவள் வரும்போதே செவிடாய்த்தானே வந்தாள்? அதுக்கு முன்னம் பெரட்டிலை நாளுக்கு ஒரு கரண்டி. ஒரு கரண்டியிலை ஆருக்கும் காது போகாது. இந்தா புத்தகம், நானே கோடு போட்ட புத்தகம்!"

"அது எனக்குத் தெரியாதுய்யா. நிறுத்துனதும் கேக்குது. எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

நான் புத்தகத்தை விரித்துக் கிழவியின் பெயருக்கு நேராக விரலை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சத்தத்தில் கிழவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் இப்போது தாமதிக்காமல் வந்தது. வந்த கண் என் முகத்தில் நிற்கவில்லை, புத்தகத்தில் போய் நின்றது. மெல்லக் காலைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தாள்.

"பாத்தியோ, பைத்தியமில்லையாம்!" என்றேன்.

செல்லாயி கிழவியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுபடி கிழவியைப் பார்த்தாள்.

"ஐயா, அந்தப் பொஸ்தகத்த மூடுங்க."

"என்ன?"

"மூடி அங்குட்டு வச்சிட்டு, இந்த முக்காலியில ஒக்காந்து, கத்தாமக் கேளுங்க. ஒரே ஒரு வாட்டி."

ஏன் அவள் சொன்னதைச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. களைத்துப் போயிருந்திருக்கலாம். புத்தகத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கிழவியின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. தாடையில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள் இருந்தன. நாலு வருஷமாக இவள் வாய்க்குள் மருந்து ஊற்றுகிறேன், தாடையில் பச்சை இருப்பது எனக்குத் தெரியாது.

"அம்மா, உங்கடை பேர் என்ன?"

"ராக்காயி சாமி."

"திரும்பச் சொல்லுங்கோ."

"ராக்காயிதேன். எத்தன தரம் கேட்டாலும் அதேதேன்." அவளுக்கே சிரிப்பு வந்தது. "நீங்க நல்லா இருக்கீகளா சாமி? மொகமே வாடிப் போச்சே."

எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தேன். "பேர்?" என்றேன். கிழவியின் சிரிப்பு மறைந்தது. தயங்கினாள். பிறகு மெல்லிய குரலில், "காளியம்மா" என்றாள்.

புத்தகத்தைப் புரட்டினேன். காளியம்மா, நவமணி, இருளாயி. மூன்று பெயருக்கு நேராகவும், கிழவி விழுந்த வெள்ளிக்கிழமை வரை, நான்கு மாதமாக ஒரு நாள் தவறாமல் என் கோடுகள். நேரான, அழகான, அச்சுப் போன்ற கோடுகள்.

"ராக்காயி ஆத்தா" என்று செல்லாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். "அவளுக மூணு பேருக்கும் பெரட்டுல நீதான் நின்னியா?"

கிழவி என்னைப் பார்த்துப் பயந்தாள். செல்லாயி கையை விடவில்லை. பிறகு கிழவி பேசினாள்.

"மூணும் மாசமா இருக்குதுக. காளியம்மாளுக்குப் போன வருசம் ஒண்ணு கலைஞ்சு போச்சு. கொய்னா குடிச்சா கலைஞ்சிரும்னு அழுகுதுக. குடிக்கலைன்னா டிரசரய்யா வாயப் பிடிச்சு ஊத்துவாரு. நாந்தேன் சொன்னேன், நீங்க பின்னால நில்லுங்கடி, நா குடிச்சிட்டு வாரேன்னு. எனக்கென்ன சாமி, எவ் வயித்துல ஒண்ணுமில்ல, கொய்னா போயி எதக் கலைக்கப் போகுது?"

"நாலு கரண்டியா! தினமுமா!" என்றேன். "காது இரையேல்லையோ? கண் மங்கேல்லையோ?"

"எரைஞ்சுச்சு. வயசாச்சுல்ல, அதேன்னு இருந்தேன்."

வயசாச்சு என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். வயதின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் நிம்மதியாக இருந்திருக்கிறோம். ஊற்றியதை மட்டும் நான் ஒருவன்தான் ஊற்றினேன்.

கூச்சத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோபம். மூன்று பெண்களையும் திட்ட ஆரம்பித்தேன். மூடநம்பிக்கை என்றேன். அளவாகக் கொடுத்தால் கருவுக்கு ஒன்றும் வராது, மலேரியாதான் கருவைக் கலைக்கும், அறிவு கெட்டதுகள் என்றேன். கிழவி தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். இப்போதுதான் அவளுக்குக் காது கேட்கிறதே.

"ஒங்க வீட்டம்மா மாசமா இருக்காகளே" என்றாள், ஒரு கள்ளமும் இல்லாமல். "அவுக குடிக்கிறாகளா சாமி?"

நான் புத்தகத்தை மூடினேன்.

அன்னபாக்கியத்துக்கு நான் ஒரு துளி கொய்னா கொடுத்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாமியார் கடிதம் எழுதியிருந்தார், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்தக் கசப்பைக் கண்ணிலும் காட்டாதே என்று. நான் மருத்துவம் படித்தவன், எனக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் பயந்தேன். வீட்டில் நல்ல கொசுவலை கட்டி, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, மருந்தே கொடுக்காமல் இருந்தேன். லயத்தில் கொசுவலை கிடையாது. காளியம்மாளுக்கு இருந்தது ராக்காயி மட்டும்தான்.

செல்லாயி ஈரத் துணியோடு தூண் பக்கம் திரும்பினாள்.

"தொடைக்கவாய்யா?"

"தொடாதை" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டரின் மோட்டார் வந்தது. நான் இரவெல்லாம் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன், கெட்டிக்கார வழி. காய்ச்சல் இறங்கிவிட்டது, தெளிந்துவிட்டாள், அனுப்பத் தேவையில்லை என்று மட்டும் சொல்வது. புத்தகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் விடுவது. கிழவியும் தப்புவாள், நானும் தப்புவேன்.

டாக்டர் என் தாளை வாசித்தார். கையெழுத்தை வழக்கம்போல மெச்சினார். கிழவியை நடக்கச் சொன்னார், நடந்தாள். பெயர் கேட்டார், சரியாகச் சொன்னாள். நான் என் கெட்டிக்கார வசனத்தைச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "வயதானவர்களுக்கு இப்படி இரண்டொரு நாள் தெளியும், கார்த்திகேசு. அடுத்த வாரம் பழையபடி ஆகும். வெவ்வேறு பெயர் சொல்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். கவனித்துக்கொள்ள ஆள் வேறு இல்லை. இவளுக்கு நல்லது போவதுதான்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

எங்கள் பேச்சு இங்கிலீசில் நடந்தது. செல்லாயிக்கு ஒரு வார்த்தை புரியாது. பேனா புரிந்தது. கட்டிலைச் சுற்றி வந்து கிழவியின் முன்னால் நின்றுகொண்டாள். டாக்டரைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். அவள் வேலை முடிந்தது, இனி என் வேலை என்பது போல் இருந்தது அந்தப் பார்வை. பதினொரு வருஷ உத்தியோகம் கண் முன்னால் வந்து போனது.

"ஐயா, ஒப்பம் வைக்க வேண்டாம்" என்றேன். "இது வயதால் வந்ததல்ல. என்னால் வந்தது."

தூணைக் காட்டினேன். புள்ளிகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். ஆயா ஐந்து நாள் எடுத்த குறிப்பு இது, நான் ஒரு நாளில் எழுதியது தப்பு என்றேன். பெரட்டில் இவள் தினம் நான்கு கரண்டி குடித்தாள், நானே ஊற்றினேன், பிறகு ஆஸ்பத்திரியிலும் மூன்று வேளை எழுதினேன் என்றேன். கர்ப்பிணிகளின் பயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் தொடர மாட்டேன் என்று தெரியும்.

டாக்டர் பேனாவை மூடவில்லை. "ஒரே ஆள் நான்கு முறை உன் முன்னால் வந்து நின்றாள். உனக்குத் தெரியவில்லை?"

"இல்லை ஐயா."

"ஏமாற்றிய அந்த மூன்று பெண்கள் யார்?"

கிழவி சொன்ன பெயர்களை நான் தாளில் எழுதியிருக்கவில்லை. அவை என் தலைக்குள் மட்டும் இருந்தன. சொன்னால் அந்த மூவரையும் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள், வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

"எனக்குத் தெரியாது ஐயா. நான் முகம் பார்க்கவில்லை. நான்கு மாதமாக யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தேன்."

பாதி பொய். மற்றப் பாதி போல ஓர் உண்மையை நான் அதுவரை சொன்னதில்லை. டாக்டர் தூணுக்கு அருகில் போய்க் குனிந்து புள்ளிகளை எண்ணினார். திரும்பி வந்து என் தாளில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அச்சுப் போன்ற எழுத்தின் மேல் கோணலான ஒரு கோடு. அன்று சாயங்காலமே என் உத்தியோகப் புத்தகத்தில் "கவனக்குறைவு" என்று ஒரு வரி ஏறியது. ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது, ஒரு பதவி உயர்வைத் தின்றது. அதற்காக நான் வருத்தப்பட்டேன். படவில்லை என்று சொன்னால் அதுவும் பாதி பொய்.

வெள்ளிக்கிழமை பகல் செல்லாயியையும் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவள் மூட்டை கட்டும் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மூன்று வாசலிலும் உட்கார்ந்தேன். முதலில் என் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். நானும் பயந்தேன், அது தப்பு, நேற்றிலிருந்து அன்னபாக்கியம் டாக்டர் சொன்ன சின்ன அளவில் குடிக்கிறாள் என்றேன். நவமணியும் இருளாயியும் யோசித்துச் சரி என்றார்கள். காளியம்மா மாட்டேன் என்றாள். போன வருஷம் போன பிள்ளையை நான் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். திட்ட வாயெடுத்தேன். செல்லாயி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். அன்றைக்கே என் வீட்டுக் கொசுவலைகளில் ஒன்றை அவிழ்த்துக் காளியம்மாளின் அறைக்குக் கொடுத்தனுப்பினேன்.

ராக்காயி இன்னும் பத்து நாள் வார்டில் இருந்தாள். செல்லாயி தினமும் கோப்பையைத் தட்டினாள். காது திரும்பியது. கால் உறுதியானது. வலது கண்ணும் தெளிந்தது. இடது கண் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. அது திரும்பவே இல்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை பெரட்டுக்கு அவள் வந்தாள். அதற்குள் நான் அரிக்கேனைக் கரண்டிக்குப் பக்கத்தில் வைப்பதை விட்டு, வருகிறவரின் முகத்துக்கு நேரே தூக்கி மாட்டியிருந்தேன். வேலை ஒன்றேகால் மணி நேரம் இழுத்தது. கங்காணிகள் முணுமுணுத்தார்கள். இருளாயிக்கு மூக்கில் தழும்பு. நவமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்குவாள். நாலு வருஷமாக எனக்குத் தெரிந்த நாக்குகளுக்கு அன்றைக்கு முகம் முளைத்தது.

வரிசையின் கடைசியில் ராக்காயி வந்து நின்றாள். முக்காடு இல்லை.

அவளைப் பார்த்தேன். தாடைப் பச்சையைப் பார்த்தேன், மங்கிய கண்ணைப் பார்த்தேன். பெயர் எனக்குத் தெரியும், இனி எந்தக் காலத்திலும் மறக்காது. என்றாலும் பழக்கதோஷம், புத்தகத்தைப் பிடித்த கையோடு கேட்டுவிட்டேன்.

"பேர்?"

"ராக்காயி" என்றாள் களம் முழுக்கக் கேட்கும்படி. "இன்னைக்கு நா மட்டுந்தேன் சாமி."

கரண்டியைக் கீழே வைத்தேன். அவளுக்கு இனிக் கொய்னா கிடையாது, டாக்டர் உத்தரவு. பெயருக்கு நேராகக் கோடு போடாமல், "தன் பெயரை அறிவாள்" என்று எழுதினேன். கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் எழுத்து கோணிப்போய்விட்டது.